திருத்தம் எண் நான்கு

ஒன்று: படகு மிதக்க வேண்டும்.
இரண்டு: கரையை விட்டு விலகி நிற்க வேண்டும்,
நீந்திப் போக ஓர் ஆள் யோசிக்கிற தூரம்.
மூன்று: ஒரு கைக்கு ஐநூறு ரூபாய், அதற்கு மேல் இல்லை.
நான்கு: இரண்டு மணி நேரம் ஆனதும்
மணியடித்து எல்லாரையும் இறக்கிவிட வேண்டும்.

இந்த நாலையும் தட்டச்சு செய்தவள் நான்.
பேரூராட்சி அலுவலகம், வருவாய்ப் பிரிவு,
மின்விசிறிக் காற்று எட்டாத மேசை.

தாராபுரத்துக்குக் கிழக்கே அமராவதி
நாலு மாசம் ஆறு,
மிச்ச நாளெல்லாம் மணல்.
அதில் கொண்டுவந்து விட்டார்கள் இரண்டு மாடிப் படகை,
சீட்டு மேசை பதினாறு, குளிர்சாதனம், மேலே சீரியல் விளக்கு.
ஆட்டத்தில் தோற்கிற பணத்தில்
நூற்றுக்குப் பதினெட்டு எங்களுக்கு.

முதல் மாசம் பதினோரு லட்சம்.
செயல் அலுவலர் எல்லா மேசைக்கும் லட்டு வைத்தார்.
சந்தைப்பேட்டைக்குக் கக்கூஸ் வந்தது, கதவோடு.
அதை நான் மறுக்க மாட்டேன்.

மாசி முடிவதற்குள் தண்ணீர் வடிந்து
படகு ஒருச்சாய்ந்து படுத்துக்கொண்டது,
சந்தையில் விலை படியாத எருமை மாதிரி.
மிதக்கவில்லை; ஆகவே ஆட்டமில்லை.
வரவுப் பத்தியில் மூன்று மாசம் வெறும் கோடு.

பொறியாளர் வந்தார். கடப்பாரை போட்டுத் தோண்டினார்.
ஆறடியில் ஈரம்.
'மணலுக்கு அடியில் ஊற்று உள்ளவரை
மேலே இருப்பது மிதப்பதாகவே கொள்ளப்படும்.'
திருத்தம் ஒன்று. கையெழுத்து, முத்திரை.

நிலத்தில் நிற்பதற்கு எதற்கு நீந்துகிற தூரம்?
திருத்தம் இரண்டு.
கரையிலிருந்து சிமெண்டுப் பாதை, பொது நிதியில்.

கரூர்ப் பக்கம் இன்னொரு படகு வருதாம்,
அங்கே வரம்பு ஐயாயிரமாம்.
'ஆளுக அக்கட்டாலே போயிருவாங்க'
என்றார் தலைவர், நிஜமான கவலையோடு.
திருத்தம் மூன்று: வரம்பே இல்லை.

நாலாவது, மணி.
கழற்றி எங்கள் பதிவறையில் வைத்திருக்கிறது,
கழிவுப் பொருள் ஏலத்துக்கு, வரிசை எண் இருபத்தேழு.

பதினொன்று, பத்தொன்பது, முப்பத்தொன்று.
லட்சங்கள் ஏறுகிற படத்தை
சுவரில் பச்சை மையில் ஒட்டினோம்.

இன்னொரு பேரேடும் என் மேசையில்தான்.
ஏழாவது வார்டு, பொங்கியண்ணன், விசைத்தறி எட்டு.
ஏப்ரல் முதல் வாரம் மஞ்சள் பையில்
சில்லறை உட்படச் சரியாக எண்ணிக் கொண்டுவருகிறவர்.
இந்த வருஷம் அவர் பெயருக்குப் போன நோட்டீஸ் திரும்பிவந்தது.
பின்னாலேயே மயிலாத்தாள் வந்தார், அவர் சம்சாரம்.
'ஏனுங் அம்மிணி, வரியைத் தவணையாக் கட்டலாமுங்களா?
தறி எட்டும் போயிருச்சுங்க.'
எங்கே என்று நான் கேட்கவில்லை.
அவர் ஆற்றுப் பக்கம் பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் கணக்குப் போட்டேன்.
நாலு லட்சம் தோற்றிருக்கிறார்,
நமக்கு வந்தது எழுபத்திரண்டாயிரம், ஒரே தடவை.
கொட்டகை வரி, குடிநீர், தொழில் வரி எல்லாம் சேர்த்து
வருஷம் பத்தொன்பதாயிரம், இனி வராது.
நாலு வருஷம்கூடத் தாங்காது இந்த லாபம்.
தறியோட்டின எட்டுப் பேர் வீட்டை
நான் கூட்டவே இல்லை.

எழுதி வைக்க இடம் தேடினேன்.
படிவத்தில் வரவுக்கு ஒரு பத்தி, நிலுவைக்கு ஒரு பத்தி;
இரண்டும் ஒரே பணம் என்று சொல்லப் பத்தி இல்லை.

தணிக்கைக்காரர் கேட்டார்,
சொத்துவரி வசூல் ஏன் இறங்கியிருக்கிறது?
'வறட்சி' என்று அடிக்கச் சொன்னார்கள்.
அடித்தேன்.

ஐப்பசியில் அணை திறந்தது.
செம்மண் கலங்கிய வெள்ளம் இடுப்பளவு வந்தும்
படகு எழும்பவில்லை.
அடியில் கான்கிரீட் போட்டிருந்தார்கள், ஆடாமல் இருக்க.
கீழ்த்தளத்தில் கணுக்கால் வரை தண்ணீர்.
ஆடுகிறவர்கள்
காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு
அடுத்த கை கேட்டார்கள்.

அன்றைக்கு வசூல் ஒன்றே கால் லட்சம்.